ஆறு மணிக்கு இரண்டாவது ஆள்

ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் உடுத்திக்கொண்டு திருத்தணி மலை ஏறுகிற பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தவள் ஒரு கிறிஸ்தவப் பெண். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான், கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சுகிர்தம். மலையடிவாரத்துக்கு இரண்டு தெரு தள்ளி, பள்ளி டீச்சராக இருந்த என் வீட்டுக்கு அடுத்த வீடு.

மணவூரில் ரயில்வே கேட் கீப்பருக்கு மகளாகப் பிறந்தவள். அப்பா வெளியே கேட்டை மூடும்போது அம்மா உள்ளே கீர்த்தனை பாடிக்கொண்டிருப்பாராம். வண்டிச் சத்தத்தில் பாட்டு கேட்காது என்று நிறுத்தி நிறுத்திப் பாடிப் பழகிவிட்டார். அதையே மகளும் கற்றுக்கொண்டதால், சுகிர்தம் பாடும் கீர்த்தனைகளின் நடுவே ஒரு விரைவு வண்டி கடந்துபோகிற அளவுக்கு இடைவெளி வரும். சரக்கு வண்டி என்றால் ஒரு சரணமே காணாமல் போய்விடும்.

அவள் கணவர் பாக்கியநாதன் சர்க்கரை ஆலையில் பிட்டராக இருந்தார். பதினாறு வருடம் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். பிள்ளைகள் இல்லை. தினமும் மாலை ஆறு மணிக்குக் கணவனும் மனைவியும் குடும்ப ஜெபம் நடத்துவார்கள். அவர் வேதம் வாசிப்பார், அவள் பாடுவாள். இரண்டு மூன்று பேர் தம்முடைய பெயரால் கூடுகிற இடத்தில் தாமும் இருப்பதாக ஆண்டவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் அல்லவா, அதைப் பாக்கியநாதன் சங்கத்தின் விதியைப் போலவே எடுத்துக்கொண்டார். ஆள் பற்றாத கூட்டம் கூட்டமே அல்ல. அங்கே போட்ட தீர்மானம் செல்லாது. ஒரு முறை சுகிர்தம் மணவூர் போய்த் திரும்பத் தாமதமானபோது, அவர் ஜெபத்தை ஒத்திவைத்துவிட்டு வாசலிலேயே காத்திருந்தார். அவள் வந்து கால் கழுவிய பிறகுதான் புத்தகத்தைத் திறந்தார்.

அவர் இறந்தது ஓர் ஆடி மாதக் காலையில். மாரடைப்பு. உறவுக்காரர்கள் ஊருக்குப் போன அன்று மாலை ஆறு மணிக்கு சுகிர்தம் புத்தகத்தைத் திறந்தாள், எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தாள், மூடிவிட்டாள். பின்னாளில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். ரெண்டு மூணு பேருக்குத்தான வாக்கு, ஒரே ஒரு ஆளுக்கு அவர் எதுக்கு வருவாரு?

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. கணவர் போனதோடு கடவுளும் அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாற்பது பேர் இருப்பார்கள், அங்கே பயமில்லை. மீதி ஆறு நாளும் யாருமற்ற வீடு. ஐந்தே முக்கால் ஆனால் அவளுடைய தையல் மிஷின் ஓட்டமெடுக்கும். ஆறரைக்குத்தான் மூச்சு வாங்கும். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நான் காபியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான்கு மாதம் அப்படிப் போனது. பிறகு இரண்டாவது ஆளைத் தேட ஆரம்பித்தாள். முதலில் அகப்பட்டவள் எதிர்வீட்டு கௌரியம்மாள். முதல் நாள் மருமகளைப் பற்றிப் பேசினாள். இரண்டாம் நாள் முருங்கைக்கீரை கொண்டுவந்து ஆய்ந்தாள். மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூங்குகிறவர்களைக் கணக்கில் சேர்க்கலாமா என்று சுகிர்தம் போதகரிடமே கேட்டாள். ஐந்து ஊர்ச் சபைகளை ஒரே மோட்டார் சைக்கிளில் சுற்றி வருகிற இளைஞர் அவர். தனியாகவும் ஜெபிக்கலாம், அம்மா, கர்த்தர் கேட்பார் என்றாராம். அதில் அவளுக்குத் திருப்தி இல்லை.

“அவருக்கு வூடு நெறைய ஆளுங்க, டீச்சர். போற எடமெல்லாம் கூட்டம். தனியா இருக்கிற வூட்டப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்?”

அதன் பிறகுதான் என்னிடம் வந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், சுண்டல் உண்டு என்றாள். என் வீட்டு அலமாரியில் முருகன் இருக்கிறாரே, கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று சீண்டினேன்.

“அவருக்கு ஆறு மொகம் இருக்குது, டீச்சர். ஒண்ண மட்டும் அந்தாண்ட திருப்பிக்கச் சொல்லுங்க.”

இப்படிப் பேசுகிறவளிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது? இரண்டரை வருடம் போனேன். அந்த வீட்டுக்கு ஆண்டவர் வந்து போவது என் தயவில்தான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். நான் ஒரு நாள் அம்மையார்குப்பத்துக்குப் புடவை எடுக்கப் போனதால் அவர் வாசல் வரை வந்து திரும்பிப் போய்விட்டார் என்றுகூடச் சொன்னேன். கௌரியம்மாள் அதைப் பாதி நம்பினாள்.

ஆனால் உட்கார்ந்திருப்பவளுக்குச் சில விஷயங்கள் தெரியும். சுகிர்தத்தின் ஜெபம் சுத்தமான புத்தகத் தமிழில் இருக்கும். “தேவரீர் எங்களைக் கண்ணோக்கியருளும்” என்று தொடங்குவாள். என் முழங்காலுக்காக வேண்டுவாள். கௌரியம்மாளின் மருமகளுக்காக, திருவாலங்காட்டுக் கரும்புக்கு மழைக்காக, தான் தைத்த பாவாடையைப் போட்டுக்கொண்டு மலை ஏறப்போகிற பெயர் தெரியாத பிள்ளைகளுக்காகக்கூட வேண்டுவாள். தனக்காக ஒரு வார்த்தை இருக்காது. ஆமென் சொல்லி எழும்போது அவள் முகம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவரின் முகம் போல இருக்கும். கூட்டம் ஒழுங்காக நடந்தது. அவளுக்கு எதுவும் நடக்கவில்லை.

போன வருடம் ஆடிக் கிருத்திகை. முழங்காலைக் காட்ட அரக்கோணம் போயிருந்தேன். திரும்பும்போது பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நடை. கடைத்தெருவுக்கு வந்தால் தடுப்புக் கட்டை, அதற்கு அந்தப் பக்கம் காவடி, பின்னால் காவடி, அதற்குப் பின்னாலும் காவடி. இந்தியாவில் இருக்கிற மயில்களெல்லாம் அன்று இறகில்லாமல்தான் திரிந்திருக்க வேண்டும். மணி ஆறு ஆகிவிட்டது. தடுப்பருகே நின்ற காவலரிடம் போய், என்னை விடப்பா, எனக்காக ஒரு வீட்டில் கடவுள் காத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். பொய் இல்லையே.

“எல்லாருக்கும் அதேதாம்மா. மொதல்ல வரிசையில நில்லுங்க.”

வீட்டுத் தெருவுக்கு வந்து சேர ஆறே முக்கால். அவள் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபடி படி ஏறினேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நின்றேன். பேசியது அவள் மட்டும்தான். புத்தகத் தமிழ் இல்லை. எங்கள் தெருத் தமிழ்.

“அன்னிக்கிக் காலையில நெஞ்ச அடைக்கிற மாதிரி கீதுன்னாரு. நான் தலையக்கூடத் தூக்கல. ரெண்டு பாவாட பாக்கி கீது, முட்ச்சிட்டு வரேன்னேன். முட்ச்சேன், ரெண்டையும் முட்ச்சேன். அப்பறந்தான் எழுந்து போய்ப் பாத்தேன். நீ பாத்துகினுதான இருந்த? இத டீச்சர வச்சிகினு எப்டி சொல்லுவேன்? யார வச்சிகினுதான் சொல்லுவேன்?”

அப்புறம் அழுகை. மலைப்பக்கமிருந்து அரோகரா சத்தம் வந்துபோனது. அழுகை மெல்ல அடங்கியது. பிறகு, எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் போல, “ஆங்,” என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு “ஆங்.”

நான் எதையும் கூட்டிச் சொல்பவள் என்று ஊரில் பெயர். அந்த இரண்டு ஆங் மட்டும் நான் சேர்த்தது இல்லை. சத்தம் செய்யாமல் படி இறங்கி என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் போய், ஒட்டுக்கேட்டதை ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். ஆறு மணி, ஆறேகால், ஆறு இருபது என்று எனக்காகக் காத்திருக்கிறாள். ஆள் வரவில்லை. கணவர் இறந்த நாளும் பக்கத்தில் வந்திருந்தது. மிஷின் மேல் கடைசி ஆர்டரின் மஞ்சள் துணி கிடந்தது. ஆத்திரம் தாங்காமல் வாய்விட்டே கத்திவிட்டாளாம். ஆளும் வரல, அதனால நீயும் வரமாட்ட, அப்டித்தான?

“சொல்லிட்டு அப்டியே நின்னுட்டேன், டீச்சர். வராதவரப் பாத்து யாராச்சும் வரமாட்டியான்னு சண்ட போடுவாங்களா? யாராண்ட சண்ட போட்டுகினு இருக்கேன்னு அப்பறந்தான் ஒறைச்சிது.”

அந்த இரண்டு பாவாடைகளுக்கு என்ன பதில் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். ஆனால் மூன்று வருடம் ஒருத்தி மனதிலேயே பூட்டிவைத்திருந்ததை இறக்கிவைத்த இடத்தில், போய்க் கிளறிப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. இதையெல்லாம் எழுதட்டுமா என்று மட்டும் கேட்டேன். எழுதிக்கங்க, என்னப் போல ஆளுக்காகக் காத்துகினு ஒக்காந்திருக்கிறவங்க வேற யாராவது இருப்பாங்க என்றாள்.

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

“இனிமே ஆறு மணிக்கு வராதீங்க, டீச்சர். ஆறரைக்கு வாங்க.”

இரண்டரை வருட உத்தியோகம், ஒரு வார முன்னறிவிப்புகூட இல்லை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்படியானால் நான் இனி வேண்டாமா என்று கேட்டேன்.

“எனுக்கு வேணும்,” என்றாள் சுகிர்தம். “அவுருக்குத்தான் வேணாம்.”