தோஹா அறையின் பிரிட்ஜ் கதவில் ஒரு லேபல்

நசீரா கடைக்குள் வந்ததும் ஸலாம் சொல்ல மறந்துபோனாள். கையில் ஒரு துவாய்ச் சுருட்டு. அதை மேசையில் அவிழ்த்தாள். உள்ளே கம்பியூட்டரில் செருகும் டெலிபோன் செட் ஒன்று, காதில் மாட்டும் கருவியோடு.

"மாமி, வெள்ளிக்கிழமைக்குள்ள இதுக்கு அனுமதி காட்டாட்டி என்ட வேல போயிரும்."

காத்தான்குடியில் டெலிபோன் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஒரேயொரு போனோடு கொமியூனிகேஷன் கடையாகத் தொடங்கினது. பள்ளிக்கூடம் நான் கனக்கப் போகவில்லை. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படம் மாதிரி. ஆனாலும் என் கடையில் அனுமதி இல்லாத செட் ஒன்றும் விலைப்பட்டதில்லை. அதை எந்தச் சபையிலும் நிமிர்ந்து சொல்வேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அனுமதி என்றால் கடதாசிக் கரைச்சல் என்று நினைக்கிறார்கள். கம்பியூட்டரில் செருகும் செட்டுக்கு ஒரு பக்கம் கம்பியூட்டர், மற்றப் பக்கம் டெலிபோன் லைன். செட் சரியில்லை என்றால் கரண்ட் லைனுக்குள் போகும். லைன் திருத்தக் கம்பத்தில் ஏறி நிற்கிற மனிதனுக்கு அது அடிக்கும். அதற்காகத்தான் சோதித்து, முத்திரை குத்தி, மொடலும் நம்பரும் போட்டு அடியில் லேபல் ஒட்டி விடுகிறார்கள்.

நசீராவுக்கு வீட்டிலிருந்தே வேலை. கொழும்பில் ஒரு கொம்பனிக்கு வரும் அழைப்புகளை எடுத்து, வைத்தியரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுப்பாள். புருஷன் விட்டுப் போன பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு அந்த வேலையில்தான். அனுமதி இல்லாத செட்டைத் தங்கள் லைனில் இணைக்கமாட்டோம் என்று கொம்பனி அறிவித்துவிட்டது. அந்த வகை செட் விற்க அப்போது என்னிடம் இல்லை. கொழும்பில் சொன்னால் வந்துசேர இரண்டு கிழமை ஆகும்.

செட்டைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் வழுவழு என்று இருந்தது.

"லேபல் எங்ககா?"

"தம்பி தோஹால இருந்து கொண்டுவரக்குள்ள கழட்டிட்டான் மாமி."

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் செய்கிற வேலை இது. பெட்டியை எறிந்து, லேபலை உரித்து, சாமானைச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு வருவார்கள். எயார்போட்டில் பழைய சாமான் என்று வரி கேட்காமல் விட்டுவிடுவார்களாம்.

நசீராவின் கண் என் மேசைக்குப் பின்னால் இருந்த தட்டில் நின்றது. அங்கே இதே மாதிரி ஒரு செட், உள்ளே எரிந்துபோனது, லேபலோடு கிடந்தது.

"அத உரிச்சு இதுல ஒட்டினா ஆருக்கு மாமி தெரியப் போகுது?"

"மௌத்தாகி அடக்கினவன்ட ஐடென்டி கார்டக் காட்டி மாப்புள எடுக்கச் சொல்றியா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கதிரையை இழுத்து இருக்கச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்தேன். பிறகு டெலிபோன் சாமானுக்கு அனுமதி கொடுக்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். எடுத்தவர் தமிழ் பேசும் ஓர் அதிகாரி.

"லேபல் இல்லாம எந்தச் சோதனை பாஸானதுன்னு நான் எப்படிம்மா சொல்றது?" என்றார். "லேபலோட போட்டோவாவது இருக்கா? அது தெளிவா இருந்தா இந்த ஒரு செட்டுக்கு அனுமதி போடப் பார்க்கலாம்."

உடனே தோஹாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். நசீராவின் தம்பி ரிஸ்வான் பனியனோடு கட்டிலில் இருந்தான்.

"டேய், உரிச்ச லேபல என்ன செஞ்ச?" என்றாள் நசீரா.

"பிரிட்ஜில ஒட்டிட்டன் ராத்தா."

"பிரிட்ஜிலயா?"

"எங்கட ரூம்ல எல்லாரும் ஊருக்குப் போகக்குள்ள உரிக்கிறத அதுலதான் ஒட்டுற. குப்பையில போட மனம் வராதே. காசு குடுத்து வாங்கினதாச்சே."

போனை அந்தப் பக்கம் திருப்பினான். அல்லாஹ்வே! கதவின் வெள்ளை நிறமே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை லேபல்.

நசீரா தோள் பையிலிருந்து தன் லெப்டொப்பை எடுத்து, அதில் செட்டைச் செருகினாள். மொடலும் சீரியல் நம்பரும் திரையில் வந்தன. அவள் கடைசி இலக்கங்களைச் சொல்ல, அவன் குனிந்து குனிந்து தேடினான்.

"இது மச்சான்ட டீவி. இது ஆர்ரயோ மிக்ஸி. இது... புள்ளைக்கு வாங்கின கார்."

"உன்ட கல்யாணப் பதிவும் அதுல இரிக்கா எண்டு பாரு," என்றேன்.

கடைசியில் அகப்பட்டது. ஆனால் பாதிக்கு மேல் ஒரு இஸ்திரிப் பெட்டியின் லேபல் ஏறியிருந்தது. ரிஸ்வான் நகத்தை வைத்தான்.

"கைய எடு மனே!" என்று கத்திவிட்டேன். "கிழிஞ்சா ராத்தாட சோறு கிழிஞ்சமாதிரி. சுடுதண்ணில துணிய நனச்சுப் புழிஞ்சு, மேல இரிக்கிற லேபல்ல வை. ஊறட்டும்."

ஊறினது. நசீரா பிள்ளை பெறுகிறவளைப் போல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் மெல்ல மெல்ல மேல் லேபலை உரித்தான். ஒரு மூலை மட்டும் போய்விட்டது. மொடல், நம்பர், சோதனை முத்திரை எல்லாம் தப்பியிருந்தன. படம் எடுத்து அனுப்பினான். அதையும் கம்பியூட்டர் திரையின் படத்தையும் செட்டின் படத்தையும் நசீரா அனுமதி அலுவலகத்துக்கு அனுப்பினாள். அந்த மொடல் முன்பே இங்கே சோதித்து ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான் என்று அதிகாரி பார்த்துச் சொன்னார். வியாழன் பகல் அனுமதி வந்தது. உரித்த லேபலையும் ஊருக்கு வந்த ஒருவரின் கையில் பிறகு எடுப்பித்தோம்.

நான் இந்தத் தொழிலில் கற்றது இதுதான். கூடாத வேலைக்குக் கூடாது என்று சொல்லத்தான் வேண்டும். சொன்ன கையோடு ஆளைக் கதவுக்கு அனுப்பக்கூடாது. கதிரையைப் போட்டு, நேர்வழி எங்கே கிடக்கிறது என்று அவரோடு சேர்ந்து தேட வேண்டும். தேடினால் அநேகமாக இருக்கும். இப்போது வெளிநாடு போகிற பிள்ளைகள் போன் வாங்க வந்தால், எந்தச் சாமானிலும் லேபலை உரிக்காதே என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். கேட்கிறவன் கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை கடைப் போன் அடித்தது. வேலை தொடங்குமுன் செட்டைச் சோதிக்கக் கொம்பனி சொல்லியிருந்ததாம்.

"மாமி, நான் கதைக்கிறது கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. உன்ட வீட்டுச் சேவலும் கேக்குது."

"அதுவும் கேக்குதா? அல்லாஹ்வே, கொழும்புக்காரனுகள் சிரிப்பானுகளே!"

"கதவச் சாத்திட்டு வேலையப் பாரு மகள்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.