கல்லுக் கோச்சி சரிந்த காலை

எங்கள் இறைச்சிக்கடைக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில் ரயில்பாதை. சரக்கு ரயில் வரும் சத்தம் கேட்டால் கத்தியை இறைச்சி வெட்டும் குற்றியின் மேல் வைத்துவிட்டு, அது போய் முடியும்வரை சும்மா நிற்பேன். "என்ன நானா, கோச்சிக்கு சலாம் வைக்கிறீங்களா?" என்று, அண்ணனை நானா என்னும் எங்கள் வாடிக்கைக்காரர் கேட்பார்கள். சலாமும் இல்லை, ஒன்றும் இல்லை. நடுங்குகிற கையில் கத்தி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முன்பு இப்படி இல்லை. மச்சானுக்கு அது நடந்த பிறகுதான்.

மச்சான் என்றால் சொந்தத்தால் வந்த மச்சான் இல்லை. வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து, புத்தளத்து அகதி முகாமில் அடுத்தடுத்த ஓலைக்கொட்டிலில் வளர்ந்தவர்கள் நாங்கள். நான் கத்தி பிடித்தேன், அவன் அகப்பை பிடித்தான். கற்பிட்டியில் கடல் விளையாட வரும் வெள்ளைக்காரருக்கு ஒரு ஹோட்டலில் சமைக்கிறான். கிழமைக்கு இரண்டு தரம் ஓட்டோவில் வந்து, ஸ்டேக் என்று அரைவேக்காட்டில் சுட்டுக் கொடுப்பதற்கு இறைச்சி எடுப்பான். நரம்பு நீக்கி, முழுத் துண்டாக, ஐஸ் போட்ட ரிஜிபோம் நுரைப்பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பேன். இறைச்சியைக் கொடுப்பதற்கு ஐந்து நிமிடம், சண்டைக்கு அரை மணித்தியாலம்.

அன்று காலை எனக்கும் டவுனில் ஒரு வேலை இருந்ததால் அவனுடைய ஓட்டோவில் தொற்றிக்கொண்டேன். இறைச்சிப் பெட்டியோடு சண்டையையும் ஏற்றிக்கொண்டுதான் போனோம்.

"நெருப்பைக் காட்டிட்டு எடுத்துப் போடுறதுக்குப் பேர் சமையலா மச்சான்? மாட்டுக்குக் காய்ச்சல் வந்தா இதை விடச் சுடும்."

"நீ கதைக்காத. நல்ல இறைச்சியை மூணு விசில் அடிக்க விட்டு, செருப்பாக்கித் திங்கிற ஆள் நீ."

"வெட்டினா இரத்தம் வடியுதே, அது ஹராம் இல்லையா?"

"நூறு தரம் செல்லிட்டன். அது இரத்தமில்லடா, இறைச்சித் தண்ணி. இரத்தத்தை அறுக்கக்குள்ள நீதானே வடிய விடுறாய்? ஒழுங்கா வடிய விட்டவன் எண்டா ஏன் பயப்படுறாய்?"

அதற்குள் ரயில் கடவைக்கு வந்துவிட்டோம். கேட் போட்டிருந்தது. எங்கள் ஓட்டோதான் முன்னுக்கு. கல் ஏற்றிய சரக்கு ரயில், நாங்கள் கல்லுக் கோச்சி என்போம், அது வர நேரமெடுக்கும். வெற்றிலை வாங்குவதற்காக இறங்கிப் பெட்டிக்கடைக்கு நடந்தேன். பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்திருப்பேன். அந்தப் பன்னிரண்டு எட்டுத்தான் எனக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசம்.

இஞ்சினும் நாலைந்து பெட்டியும் கடந்தபின் சத்தம் மாறியது. இரும்பில் இரும்பு உருளும் சத்தம் போய், இரும்பு மண்ணைக் கிழிக்கும் சத்தம். திரும்பினேன். ஒரு பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கி, கேட்டை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல்தான் சாய்ந்தது. அதுதான் பயங்கரம். கல்லெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. பிறகு வெள்ளைத் தூசி, ஒன்றும் தெரியவில்லை.

தூசி அடங்கியபோது ஓட்டோ பக்கவாட்டில் கிடந்தது. அதன் பாதி கல்லுக்குள். அதற்கு மேலே அந்தப் பெட்டி, அடுத்த பெட்டியின் கொழுக்கியிலும் வளைந்துபோன கேட் தூணிலும் முட்டுக்கொடுத்தபடி அந்தரத்தில் நின்றது. கீழே ஒரு ஆள் ஊர்ந்து நுழையும் அளவு இடைவெளி. அதற்குள் அவன் முகம், மாவில் புரட்டி எடுத்ததுபோல.

"மச்சான்!"

"இரிக்கன்டா. கத்தாத."

"எங்க அடி?"

"காலைக் கல்லு பிடிச்சிட்டிரிக்கி. நோவு பெருசா இல்ல."

எதனால் நடந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கினார்கள். வெயிலில் தண்டவாளம் வளைந்தது என்றார் ஒருவர், மாடு குறுக்கே வந்தது என்றார் மற்றவர். எனக்குக் காது அங்கே இல்லை. கடவையின் கேட்காரர் ஒரு சிங்கள மனிசன், ஐம்பது வயதிருக்கும். நாலு பக்கமும் போன் எடுத்து முடித்துவிட்டு என்னருகே குந்தினார். கொழும்பிலிருந்து கிரேன் வருவதற்குப் பின்னேரமாகும், பக்கத்தில் கிணறு தோண்டும் இடத்திலிருந்து மண்ணள்ளும் பெக்கோ மெஷின் வருகிறது என்றார். "நித்திரை கொள்ள விடாதே. கதைத்துக்கொண்டே இரு," என்று தன்னுடைய பாஷையில் சொன்னார்.

ஊருக்குள் வாயாடி என்று பேர் வாங்கியவன் நான். மரண வீட்டிலும் கதைக்க எனக்கு ஏதாவது கிடைக்கும். அன்று எதைக் கதைப்பது என்று தேட வேண்டியிருந்தது. "பயத்துக்கு வாயைக் கொடுத்தா அது வயிற்றையும் கேட்கும்," என்பார் என் உம்மா. கடைசியில் வந்தது ஒரே ஒரு கேள்வி.

"சரி செல்லு. ஸ்டேக் எப்படிச் சுடுறது?"

"இப்பதானா படிக்கணும் ஒனக்கு?"

"செல்லன்."

"முதல்ல இறைச்சியை ஐஸால எடுத்து வெளிய வை. குளிரோட சட்டியில போட்டா பயந்து சுருங்கும்."

"இறைச்சி பயப்படுமா?"

"ஒன்னைப் போலத்தான்."

கேட்காரருக்குத் தமிழ் அவ்வளவு விளங்காது. ஆனாலும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, வாய் இப்படி வேலை செய்கிறதென்றால் ஆள் தப்பிவிட்டான் என்று நினைத்தேன். அப்போதுதான் அதைக் கண்டேன். ஓட்டோவின் அடியிலிருந்து வெள்ளைத் தூசியில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"என்னடா முழிக்கிறாய்? இறைச்சிப் பெட்டி ஒடஞ்சிட்டு. அது இரத்தமில்ல, இறைச்சித் தண்ணி. எத்தின தரம் செல்றது ஒனக்கு?"

நம்பினேன். இறைச்சி வெட்டிப் பிழைக்கிறவன், நம்பினேன். நம்ப எனக்கு அவ்வளவு ஆசை.

அந்த நேரம் மேலே ரயில் பெட்டி முனகியது. பாரம் தாங்காத பலகை முனகுமே, அதைப்போல, ஆனால் நீளமாக. அதற்குள் வந்திருந்த பொலிஸ்காரர் "ஓடுங்க" என்று கத்தினார். சனம் சிதறி ஓடியது. நானும் ஓடினேன்.

பெட்டிக்கடையின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் ஓடியிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. பெட்டி விழவில்லை. எல்லாரும் மூச்சை அடக்கி நின்றதால், கல்லுக்கடியிலிருந்து வந்த அவன் குரல் அவ்வளவு தூரத்துக்கும் தெளிவாகக் கேட்டது.

"...சட்டியில புகை வரணும். அப்பதான் போடணும். வெங்காயம் கற்பிட்டி வெங்காயம், சின்னது. கேக்குதா? டேய், கேக்குதா?"

யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று எனக்குத் தெரியாது. கேட்காரர் எனக்கு முன்னமே ஓட்டோவை நோக்கித் திரும்பி நடந்தார். அவருடைய முதுகைப் பார்த்துத்தான் என் கால் அசைந்தது.

முழங்காலில் விழுந்து, "கேக்குது, செல்லு," என்று கையை ஊன்றினேன். கை அந்தச் சிவப்பில் பட்டது.

சுட்டது.

நெருப்பாக இல்லை. இளஞ்சூடு. விடிகாலை சுபஹ் தொழுகைக்கு முன்பு அறுத்து, தொங்கவிட்டு, வடியவிட்டு, ஐஸுக்குள் வைத்த இறைச்சியின் தண்ணீர் எப்படிச் சுடும்? விரலைத் தேய்த்துப் பார்த்தேன். பிசின்போல ஒட்டியது. இந்தச் சூடும் இந்தப் பிசினும் என் கைக்குப் பழகியவை. இது ஓடத் தொடங்கினால் எவ்வளவு நேரத்தில் மாட்டின் கால் உதைப்பதை நிறுத்தும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு மண்டைக்குள் தானாக ஓடத் தொடங்கியது. நிறுத்த முடியவில்லை.

சாரத்தின் மேல் கட்டியிருந்த இடுப்புப் பட்டியை அவிழ்த்துக்கொண்டு இடைவெளிக்குள் தலையை விட்டேன். "பெட்டி சரிஞ்சா இழுத்தெடுங்க," என்று கேட்காரரிடம் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் என் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டார்.

உள்ளே இருட்டும் தூசியும். தடவித் தடவி அவனுடைய தொடையைக் கண்டுபிடித்தேன். மாட்டின் தொடையில் பெரிய இரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று என் விரலுக்குத் தெரியும். மனிசனுக்கும் அங்கேதான் என்று விரல் சொன்னது. என் மச்சானை நான் அப்படித் தொட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது. பட்டியைச் சுற்றி, ஒரு கல்லைக் கொடுத்து முறுக்கினேன். அவன் போட்ட சத்தத்தில் பெட்டியே விழுந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு சத்தமே இல்லை. அது அதைவிட மோசம்.

"மச்சான், பிறகு? சட்டியில போட்டாச்சு. பிறகென்ன?"

ஒன்றும் இல்லை.

"பிறகென்ன மச்சான்? கருகுது! செல்லன்!"

"திருப்பு," என்றான், எங்கோ தூரத்திலிருந்து. "ஒருக்காத்தான் திருப்பணும்."

பெக்கோ வந்து தன் கையால் பெட்டியைத் தாங்கிப் பிடித்தது. ரயில்பாதைக்குப் போடும் மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுத்தார்கள். ஓட்டோவின் கூரையை வெட்டி அவனை எடுக்கும்வரை முறுக்கிய கையை நான் விடவில்லை. அம்புலன்ஸில் வந்த பிள்ளைதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

கால் தப்பியது. மடங்காது, ஆனால் இருக்கிறது. இரண்டு கிழமை கழித்து, அவன் உட்கார்ந்து சாப்பிடும் நிலைக்கு வந்தபிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து கேட்டேன்.

"ஏன்டா இறைச்சித் தண்ணி எண்டு பொய் சொன்னாய்?"

"ஒன்ட முகத்தைப் பாத்தன். இரத்தம் எண்டு செல்லியிருந்தா நீ பயந்து ஓடிருவாய். பிறகு நான் தனிய."

"நான் ஓடுற ஆளா?"

வார்த்தை தானாக வந்துவிட்டது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"நடுவுல ஒருக்கா ஒன்ட சத்தம் வரல்லியே. எங்க போனாய்?"

"பெக்கோக்காரனைக் கூப்பிட."

"ம்," என்றான்.

தெரிந்துகொண்டுதான் கேட்டானா, தெரியாமல் கேட்டானா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஓடியதை, இதை எழுதும் இந்த நாள்வரை அவனிடம் சொல்லவும் இல்லை. அன்று அவன் தண்ணீர் கேட்டான். கோப்பையை அவன் வாயருகே கொண்டுபோனேன். பாதி அவன் நெஞ்சில் சிந்தியது.