குத்தாலத்தில் ஆடாமல் வந்த நாள்

தலைமை ஆசிரியை கைப்பேசியை மேசைமேல் வைத்து ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டதும், என் தோழி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். குத்தாலம் பக்கம் ஒரு தனியார் பள்ளி. நடன ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்திருந்தவள் அவள்தான். நான் துணைக்குப் போனவள். இருவரும் தஞ்சாவூரில் ஒன்றாகப் பரதநாட்டியம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்.

“அஞ்சு வருஷம் பரதம் படிச்சிருக்கோம். இதுக்கெல்லாம் அவ ஆட மாட்டா,” என்றேன்.

தலைமை ஆசிரியை சிரித்தார். “நடராஜரே வேலை கேட்டு வந்தாலும் ஆண்டு விழாவுக்கு இதுதாம்மா.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நிலக்காரர் வீட்டு வாசலில் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவள். படித்தவள் யாருக்கும் வளையக்கூடாது என்ற வீம்பு எனக்குள் முறுக்கேறிக் கிடந்தது. அதை என் வாழ்க்கையோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அவளுடையதில் கொண்டுபோய் வைத்தேன். அவளுக்கு வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். பொங்கலுக்குள் வேலை கிடைக்காவிட்டால் அம்மாவோடு மீன் விற்க வந்துவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும்.

பேருந்தில் திரும்பும்போது, “ஒரு பாட்டுதானடி, ஆடிட்டு வந்திருக்கலாமோ?” என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

“நம்ம மதிப்பு நமக்குத் தெரியணும்,” என்றேன். ஜன்னல் வழியே நடவு முடிந்த வயல்களைப் பார்த்தபடி தலையாட்டினாள். பொங்கல் போனது. மீன்கூடையை எடுத்தாள்.

அடுத்த வருடம் அப்பா இடுப்பு முறிந்து படுத்தபோது, நான் கீழ்வேளூரில் ஒரு பள்ளியில் நடன ஆசிரியையாகச் சேர்ந்தேன். அங்கும் சினிமாப் பாட்டுதான். பிள்ளைகள் ஆசையாக ஆடுகிறார்கள். எனக்கும் அது பிடித்துப்போயிற்று என்பதுதான் வெட்கம். அவளிடம் மட்டும் ‘ஆபீஸ் வேலை’ என்று சொல்லி வைத்திருந்தேன்.

போன வாரம் ஒத்திகை நடுவே கைப்பேசியில் கூப்பிட்டாள். அவள் ஊர்ப்பக்கத்துப் பள்ளியில் நடனத்துக்கு ஆள் கேட்டார்களாம்.

“சினிமாப் பாட்டுதான்னாங்க. அன்னைக்கு நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. வேணாம்னுட்டேன்டி,” என்றாள், நான் மெச்சுவேன் என்ற குரலில்.

பாட்டை நிறுத்தச் சொன்னேன். “போய் ஒத்துக்கோடி. நானே இங்க அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.”

“எத்தனை வருஷமா?”

“மூணு.”

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. “கிலோ என்ன விலைம்மா?” என்று அந்தப் பக்கம் யாரோ அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.