ஒரு வாய்கூட வைக்கல

எழுபதுகளின் கடைசியில், மதுரையில், என் மகன் ஒன்றுமே தின்னாமல் வளர்ந்துகொண்டிருந்தான். எங்கள் வளவில் மற்ற குடித்தனக்காரர்களின் பிள்ளைகளும் அப்படித்தான் என்று அவர்களுடைய தாய்மார்கள் சொன்னார்கள். அவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

நான் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் பால்மாவு டின்னையும் பிள்ளையையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அக்காவுக்கு உசிலம்பட்டிப் பக்கம். வீட்டுக்காரருக்குக் கப்பலூரில் கம்பெனி வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பேன், "என்னக்கா சாப்பிட்டான்?"

"எங்க தங்கச்சி? ஒரு வாய்கூட வைக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிறான்."

அந்தப் பால்மாவு அப்போது மருந்துக்கடையில் தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். டின்னுக்கு வெளியே ஒரு குழந்தை கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்ததை என் மகன் துப்பிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் பட்டினி கிடந்த பிள்ளை என்று, முழங்காலுக்கு நடுவே இடுக்கி, அழ அழப் புகட்டுவேன். பாதி என் சேலைக்குப் போகும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் நிறுத்துப் பார்த்து, "எடை நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார். அவருடைய தராசு பழுது என்று முடிவு கட்டினேன். பசிக்கு ஒரு டானிக் எழுதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

என் கணவர் ஒரு வழி சொன்னார். "வேலைய விட்டுரு. பிள்ளைய விடவா வேலை பெருசு?" அவருக்கும் அதே பிள்ளைதான், அவரும் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். ஆனால் அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் சண்டை போட்டு வாங்கிய வேலை அது. சமையலறையில் நின்று அழுது தீர்த்துவிட்டு, மாதக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிடுவது என்று ஒப்புக்கொண்டேன்.

அதற்குள் யாரோ ஒரு பெரிய மனிதர் காலமாகி, மத்தியானத்தோடு அலுவலகத்தை மூடிவிட்டார்கள். வீடு திரும்பினேன். அக்கா வீட்டு அடுப்படியில் என் மகன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அக்கா கேப்பைக் களியை உருட்டிக் கீரைக்குழம்பில் தொட்டு நீட்ட, கை வருமுன்பே வாய் திறந்தது. பக்கத்தில் யார் வீட்டிலிருந்தோ வந்த இட்லித் தட்டு வேறு, துடைத்த மாதிரிக் காலியாகக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் அக்கா முதலில் செய்த காரியம், களித்தட்டை முந்தானையால் மூடியது.

"ஒரு வாய்கூட வைக்கலன்னீங்களே அக்கா!"

"பின்ன? புள்ள இம்புட்டுத் தின்னுச்சுன்னு யாராச்சும் வாய்விட்டுச் சொல்லுவாய்ங்களா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அதுலயும் பெத்தவ கண்ணு இருக்கே, அது பொல்லாதது தங்கச்சி."

கோபம் வந்தது. பின்னாலேயே நிம்மதி வந்தது. அப்புறம், சொன்னால் என்ன, பொறாமையும் வந்தது. என் கையைப் பார்த்தால் உதட்டை இறுக்கிக்கொள்கிறவன் அந்தக் கைக்கு அப்படித் திறந்தானே! என் பிறந்த ஊரிலும் இதே வழக்கம்தான். ஆனாலும் படித்தவள் பாருங்கள், டாக்டர் சொன்ன உண்மையை நம்பாமல் அக்கா சொன்ன பொய்யை நம்பினேன்.

வேலையை விடவில்லை. பால்மாவு டின்னில் கடுகு போட்டு வைத்தேன். அதன் பிறகு "ஒரு வாய்கூட வைக்கல" என்று கேட்ட சாயங்காலங்களில் எனக்கு வயிறு நிறைந்தது. நானும் பதிலுக்கு முகத்தைத் தொங்கப்போட்டு, "அப்படியாக்கா?" என்பேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்துகொண்டு வந்தேன். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். நான் கேட்கும் முன்பே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னைக்கு நல்லாத் தின்னான் தங்கச்சி."

பையைக் கீழே போட்டுவிட்டு அவன் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.