பாயிண்ட் சரியில்லை

புதுச்சத்திரம் மணியனுக்கு ஐம்பத்திரண்டு வயது. போர்வெல் போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருக்கிறார். ஆயிரம் அடி இறக்கியும் தண்ணீர் வராமல் புழுதி கிளம்பினால் மனிதர் துளியும் கலங்கமாட்டார். "பாயிண்ட் சரியில்லைங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயைக் கழற்றுவார். அதாவது, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து இடம் குறித்தவன் சரியில்லை, நிலம் சரியில்லை. வண்டிமேல் தப்பு என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

போன வருடம் அவர் மனைவி சௌந்திரத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவள் உடம்பு தேறிய பிறகு மணியன் ஒருமுறை நெருங்கிப் பார்த்தார், முடியவில்லை. அடுத்த வாரமும் முடியவில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

"ஆபரேசன் பண்ணுன ஒடம்பு சௌந்திரம். தொந்தரவு பண்ணக்கூடாது பாரு" என்றார்.

என்ன ஒரு பெரிய மனசு! சௌந்திரம் அதை அப்படியே நம்பினாள். தன் உடம்பு இனி எதற்கும் ஆகாது என்று முடிவு கட்டி, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு எட்டு மாதம் அழுதாள். இந்த இடத்தில் எனக்கு மணியனை நாலு சாத்து சாத்தவேண்டும் போலிருக்கிறது.

அவரும் சும்மா இருக்கவில்லை. மாதம் ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தின்றார். நாமக்கல் மாவட்டத்துக்காரர் முட்டையை விடுவாரா? தினம் ஆறு பச்சை முட்டை குடித்தார். வயிறு போனதுதான் மிச்சம். கடைசியில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டரிடம் போனார். உள்ளே போனால் பெண் டாக்டர். கூச்சத்தில் தெரிந்த பாஷைக்குத் தாவினார்.

"ஸ்டார்ட் ஆவுதுங்க. ப்ரஷர்தான் ஏறமாட்டேங்குதுங்க."

டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். "ஏறித்தானே இருக்கு! நூற்றி எழுபது" என்று மாத்திரை எழுதினார். ரத்தமும் எடுத்தார். உப்பைக் குறைத்துச் சமைக்கச் சொல்லவேண்டும், அடுத்த வாரம் மனைவியோடு வாருங்கள் என்றார்.

அடுத்த வாரம் இருவரும் போனார்கள். சர்க்கரை முந்நூற்று நாற்பது.

"எத்தனை வருஷமா இருக்கோ தெரியலை. இது நரம்பு, ரத்தக்குழாய் எல்லாத்தையும் கெடுக்கும்" என்ற டாக்டர் சௌந்திரத்தின் பக்கம் திரும்பினார். "தாம்பத்தியத்துல ஏதாவது சிரமம் இருக்காம்மா?"

சௌந்திரம் தலையைக் குனிந்துகொண்டாள். "அது என்னாலதானுங்க. கர்ப்பப்பை எடுத்ததுல இருந்து மாமா கிட்டயே வர்றதில்லீங்க."

"அதனால ஒண்ணும் ஆகாதும்மா. உங்கமேல ஒரு குறையும் இல்லை. ஆம்பளைங்களுக்குச் சர்க்கரை ஏறினா இப்படி ஆகும். வைத்தியம் இருக்கு." டாக்டர் மணியனைப் பார்த்தார். "ப்ரஷர்னு அன்னிக்கு இதைத்தான் சொன்னீங்களா?"

மணியன் மின்விசிறியைப் பார்த்தார்.

சௌந்திரம் நிமிர்ந்தாள். எட்டு மாத அழுகையும் அவள் கண்ணில் கோபமாக நின்றது.

"ஏனுங்க மாமா, அப்ப பாயிண்ட் நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"



"வண்டிதான் சௌந்திரம்" என்று மணியன் முனகினார்.

"கேக்கலீங்க. சத்தமாச் சொல்லுங்க."