படகுக்கு வால் மாற்றிய கதை

கியர் வேலையில் சத்தம் வந்தால்தான் ஆள் வரும். சத்தமில்லாமல் ஓடினால் நம்மை யாரும் நினைப்பதே இல்லை. பட்டறை வைத்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கவரைப்பேட்டையில் டிப்பர் லாரி கியர்பாக்ஸ் பிரிக்கிற பட்டறை என்னுடையது. அங்கே போன வருடம் ஒரு வேகப்படகு டிரெயிலரில் வந்து நின்றது. எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும். அதன் சக்தியை வாங்கி தண்ணீரைத் தள்ளும் விசிறியைச் சுழற்றுகிற பெட்டி படகின் பின்பக்கம் வெளியே தொங்கும். ஸ்டெர்ன்டிரைவ் என்று பெயர். எங்களுக்கு அது வால். சொந்தக்காரர் வினோத், சென்னைக்காரர். பெரிய எஞ்சினாக மாற்றியிருந்தார். அதன் பலம் தாங்காமல் பழைய வாலின் கியர் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. இன்னும் பலமான புது வாலை வரவழைத்து, மாட்டத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தார். எனக்கோ டிப்பர் கிரீஸிலேயே வயசாகிவிடுமோ என்ற பயம். வேலையை எனக்கே கொடுங்கள் என்று ஆசையை மறைக்காமல் கேட்டேன். அவரும் மறைக்காமல் சொன்னார்: “தண்ணியில ஓட்டிக் காட்டுங்க மேடம். ஓடலேன்னா அப்படியே டிரெயிலர்ல ஏத்தி கொச்சியில இருக்கிற படகுப் பட்டறைக்குத்தான்.”

சுத்தியல் வேண்டாம்

வாலை மாட்டும் முன் எஞ்சினும் அதுவும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நீளக் கம்பி உண்டு. கையால் தள்ளினாலே அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். போகவில்லை. என் பட்டறையின் சீனியர் மெக்கானிக் சம்பத் அண்ணன் பழக்கதோஷத்தில் சுத்தியலை எடுத்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து லேத் நின்றது.

எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, மறுபடி ஏற்றி, ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டினோம். சாயங்காலம் கம்பி சொன்ன பேச்சைக் கேட்டது. சம்பத் அண்ணன் அதை வெளியே இழுத்து, நம்பாமல் மறுபடி தள்ளிப் பார்த்துச் சொன்னார்: “அடி வாங்காம உள்ள போன அயிட்டம் என் சர்வீஸ்லயே இதாம்மா ஃபர்ஸ்ட்டு!”

கீழே ஊற்று, மேலே பார்

லாரி கியர்பாக்ஸுக்கு எண்ணெய் மேலிருந்து ஊற்றுவோம். இந்த வாலுக்கு அப்படி ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும், பாதிதான் நிரம்பும். கீழ் ஓட்டையில் பம்ப் வைத்து அடிக்கவேண்டும், மேல் ஓட்டையில் எண்ணெய் எட்டிப்பார்த்தால் நிறுத்தவேண்டும். சம்பத் அண்ணனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அடித்தார்: “இன்னாம்மா இது, கொயந்தைக்குப் பாலாடைய காலாண்ட வெச்சி ஊத்துற மாதிரி கீது!”

படகுக்குக் குளியல்

இந்த எஞ்சின் வெளித் தண்ணீரை உறிஞ்சித்தான் சூடு தணிக்கும். வறட்டு ஓட்டம் ஓட்டினால் உள்ளே பம்பின் ரப்பர் கருகிவிடும். அதனால் விசிறியைக் கழற்றிவிட்டு, வாலின் இரண்டு பக்கத்து உறிஞ்சு துளைகளிலும் தண்ணீர்க் குழாய் செருகிய கவ்வி வைத்து, குழாயைத் திறந்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினோம். அடேயப்பா, என்ன உறுமல்! ரோட்டில் போன பஸ்ஸெல்லாம் மெதுவாகப் போயின. டீ கொண்டுவந்த கன்னியப்பன் கிளாஸை நீட்டவே மறந்து நின்றார்: “ஊட்ல குடிக்கத் தண்ணி வர்ல, நீங்க இன்னாடான்னா படகுக்கு ஷவர் வெச்சிக்கினு கீறீங்க!”

பூசணிக்காய்

அத்திப்பட்டைத் தாண்டி, கழிமுகத்தில் சோதனை ஓட்டம். புது கியர்பாக்ஸோடு எந்த லாரியும் எங்கள் பட்டறையிலிருந்து பூசணிக்காய் உடைக்காமல் கிளம்பியதில்லை. படகுக்கு மட்டும் விடுவோமா? குங்குமம் தடவி, கற்பூரம் காட்டி, கரையோரத் தண்ணீரில், படகின் வாலுக்கு நேர் பின்னாலேயே சம்பத் அண்ணன் சுத்தியலால் ஓங்கி உடைத்துப் போட்டார். வினோத் படகை அதன் மேலேயே பின்னால் எடுத்து, திரும்பிச் சீறிக்கொண்டு போனார்.

கொஞ்ச தூரம்தான். அபாய மணி அலறியது. எஞ்சின் சூடு ஏறிவிட்டது. அணைத்துவிட்டு, ஒரு மீன்பிடிப் படகு கயிறு கட்டி இழுக்க, வினோத் கரைக்கு வந்தார். டிரெயிலரை இழுத்துவந்த வண்டியின் டிரைவரிடம் ஒரே வார்த்தை: “டிரெயிலர்.” எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். சுவிட்சைப் போட்டு வாலைத் தூக்கச் சொன்னேன். உறிஞ்சு துளைகள் முழுக்க பூசணிச் சதை, குங்குமத்தோடு அப்பிக்கொண்டிருந்தது!

சம்பத் அண்ணன் வானத்தைப் பார்த்தார். நான் ஹேர்பின்னால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தேன். எஞ்சின் ஆறியதும், வினோத் அரை மனதோடு ஏறி மறுபடி கிளப்பினார். மூக்கைத் தூக்கிய படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். நான் விசிலடிக்கத் தெரியாமல் கத்தினேன். முழு வேகத்தில் போய்த் திரும்பியும் சூட்டு முள் அசையவில்லை. வினோத் சிரித்துக்கொண்டே கரையில் குதித்தார்: “கொச்சி கேன்சல், மேடம்! என் ஃப்ரெண்டோட படகும் உங்ககிட்டதான் வருது. அதுக்காவது பூசணிக்காயை ரோட்ல உடைங்க.”

திருஷ்டி பட்டு நின்றுபோச்சு என்று எத்தனையோ வண்டிகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். திருஷ்டி கழித்ததால் நின்றது என் அனுபவத்தில் இந்த ஒரு படகுதான்.