மனைவியின் கைத்துவக்கு

என் மனைவியிடம் ஒரு கைத்துவக்கு இருக்கிறது. சுடுகிற துப்பாக்கிதான். ஹரோ என்ற ஆங்கிலேய ஊரில், பின்கதவுக்குப் பக்கத்தில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் துவக்கு இருக்கிறது என்றால் லேசில் யாரும் நம்பமாட்டார்கள். விஷயம் எப்படியோ காதில் விழுந்து, கோயிலில் ஒருவர் என்னிடம், "ஊர்ச் சண்டையில நாங்கள் பட்டது போதாதெண்டே இப்ப காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். துவக்கைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை, வந்தது பொறாமைதான். ஒரு சாண் நீள இரும்பைப் பார்த்து ஐந்து வருடம் வயிறெரிந்தவன் நான்.

அது பழைய காலத்து அமெரிக்கச் சட்டைப்பைத் துவக்கு ஒன்றின் நகல். இத்தாலியில் செய்தது. தோட்டாவைச் செருகிச் சுடுகிற வகை அல்ல. சுழலும் உருளையில் ஐந்து குழிகள். ஒவ்வொரு குழியிலும் கரிமருந்தை அளந்து கொட்டி, இடைவெளி நிரம்ப உப்புமா ரவையைப் போட்டு, பட்டாணி அளவு ஈயக்குண்டை வைத்து, குழலுக்குக் கீழே மடங்கியிருக்கும் நெம்புகோலால் அழுத்த வேண்டும். பிறகு குழிவாயில் கொழுப்புப் பூசி, பின்பக்கம் பொறி கொடுக்கும் சின்னச் செப்புத் தொப்பிகளை மாட்ட வேண்டும். ஐந்து வெடிக்கு இவ்வளவு வேலை. மற்றக் கைத்துவக்குகளைத் தடை செய்த இந்த நாட்டில், இப்படி வாய்வழியே நிரப்புகிற பழைய வகையை மட்டும் துவக்குச் சுடும் கிளப்பின் அங்கத்துவமும் பொலிஸ் பத்திரமும் இருந்தால் வைத்திருக்கலாம்.

இதெல்லாம் ஒரு மூக்குக் கண்ணாடியால் வந்த வினை. அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே வந்து, தூரமும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம், நீட்டிய கையின் நுனி மட்டும் துலக்கமாகத் தெரிந்தால் போதும் என்று கேட்டிருக்கிறார். துவக்கின் முன்குறி அந்தத் தூரத்தில்தான் இருக்குமாம். மற்றவர்கள் விழித்துக்கொண்டு நின்றபோது இவள் நாடாவை எடுத்து, அவரைக் கை நீட்டச் சொல்லி, கண்ணிலிருந்து விரல்நுனி வரை அளந்திருக்கிறாள். கண்ணாடி அச்சொட்டாகப் பொருந்தியது. மனிதர் நன்றிக்கு அவளைத் தன் கிளப்பின் விருந்தினர் நாளுக்கு அழைத்தார்.

போனவள் போனவள்தான். சில மாதப் பயிற்சிக் காலம், பிறகு அங்கத்துவம், பிறகு பத்திரம், பிறகு மாடிப்படிக்குக் கீழே சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்பு அலமாரி. முன்பெல்லாம் ஞாயிறு என்றால் இரண்டு பேரும் டூட்டிங் தமிழ்க் கடைகளுக்குப் போய் மீனும் முருங்கைக்காயும் வாங்கி, கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வருவோம். ரயில் நிலைய வேலையில் ஷிப்ட் மாற்றி மாற்றி நான் காப்பாற்றி வைத்திருந்த ஞாயிறுகள் அவை. அவற்றைத் துவக்கு தின்றது.

ஒரு காலை உப்புமா கிண்ட ரவைப் போத்தலை எடுத்தேன். "ஐயோ, அதைத் தொடாதேங்கோ! அது கிளப்புக்கு. அரிச்சு வைச்சிருக்கிறன்" என்றாள். வீட்டுக்காரனுக்கு அரிக்காத ரவை, துவக்குக்கு அரித்த ரவை! அன்றைக்கு உப்புமாவே வேண்டாமென்று பாண் துண்டைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மறு வருட விருந்தினர் நாளுக்கு, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நானும் போனேன். போயிருக்கக் கூடாது. கிளப்பின் தேத்தண்ணித் தட்டில் அவளுக்கென்று ஒரு கோப்பை இருந்தது. ஆட்கள் அவளைப் பெயர் சுருக்கிக் கூப்பிட்டார்கள். அவள் ஆங்கிலத்தில் பகிடி விட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு வெள்ளைக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தால் மூலையில் பேசாமல் இருக்கிறவள். இந்தப் பகிடியெல்லாம் எங்கே வைத்திருந்தாள்?

எனக்காக ஐந்து குழியும் நிரப்பித் தந்து பின்னால் நின்றாள். பின்குறி என்பது துவக்கின் சுத்தியல் முனையில் வெட்டிய ஒரு சின்னப் பள்ளம். அதற்குள் முன்குறியைக் கொண்டுவந்து நிறுத்துவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ஐந்தும் போய், புகை விலகியபோது இலக்குக் கடதாசி துப்புரவாக இருந்தது. ஒன்று மட்டும் மரச் சட்டத்தில் பட்டிருந்தது. அடுத்து அவள் சுட்டாள். ஐந்தும் ஒரு வடையால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன. கண்ணாடிக்கார மனிதர் என் தோளில் தட்டி, இந்த இடத்திலேயே உறுதியான கை உங்கள் மனைவியுடையதுதான் என்றார். இருபத்தெட்டு வருடம் அந்தக் கையால் சாப்பிட்டவனுக்கு இவர் சொல்லித் தருகிறார்! காரில் திரும்பும்போது கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டேன். களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இதற்கு மேல் சாவி வேறு. அலமாரிச் சாவி பத்திரக்காரரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது கூடப் புருஷனுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் பத்திரத்துக்கே ஆபத்து. எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. என் வங்கி அட்டையின் இலக்கம் அவளுக்குத் தெரியும், அவளுடைய தொலைபேசி எனக்குத் திறக்கும். இப்போது சட்டமே நடுவில் வந்து குந்திக்கொண்டு, இது உனக்கில்லை என்றது.

நான் தேடினேன். அவள் வேலைக்குப் போய், எனக்கு ஓய்வாக இருக்கும் நாட்களில், மூன்று வாரம் தேடினேன். சப்பாத்துப் பெட்டி, அரிசி வாளி, தையல் டப்பா என்று ஒன்றும் விடவில்லை. கடைசியில் அவளுடைய கூறைச்சேலையின் மடிப்புக்குள் கையில் தட்டுப்பட்டது. எங்கள் கலியாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை! அலமாரியை நான் திறக்கவில்லை. சாவியைப் பார்த்தேன், இருந்தபடியே வைத்தேன், மடிப்பைச் சரிசெய்தேன். அன்று மாலை அவள் தேத்தண்ணி தந்தபோது என் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு இருந்திருக்கும். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து வருடம் முடிந்து பத்திரம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. பொலிஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி கோப்போடு வருவார், வீட்டிலுள்ளவர்களிடமும் கேள்வி கேட்பார் என்று முன்பே தெரியும். என்ன சொல்வது என்று நான் ஒரு கிழமையாகக் கணக்குப் போட்டேன். சாவி இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பார். ஓம் என்று ஒரு சொல். அதோடு துவக்கு போகும், ஞாயிறு திரும்பி வரும். நான் பொய் சொன்னதாகவும் ஆகாது.

அதிகாரி வந்து, அலமாரியின் திருகாணிகளை ஆட்டிப் பார்த்தார். சாவியை எடுத்துவரச் சொல்லி அவளை மேலே அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். மேலே பலகை கிறீச்சிட்டது. அவள் எந்த இடத்தில் நிற்கிறாள், எந்த மடிப்புக்குள் கை விடுகிறாள் என்று எனக்கு அப்படியே தெரிந்தது. என் வாயிலிருந்து வந்தது "தெரியாது."

அவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டார். உங்கள் மனைவி இதை வைத்திருப்பதில் உங்களுக்குச் சந்தோஷமா?

இதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டேன். பேனா நின்றது. அவளைக் கண்டு பயமா, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று குரலைத் தணித்துக் கேட்டார். பயந்துபோய், இல்லவே இல்லை, எனக்குப் பொறாமை, அவள் அங்கே சந்தோஷமாக இருக்கிறாள், அது என்னால் பொறுக்க முடியவில்லை என்று என்னுடைய ரயில் நிலைய ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தேன். அதற்குத் தன் படிவத்தில் இடமில்லை என்று சொல்லி அவர் சிரித்தார். திரும்பிப் பார்த்தால் இவள் படியில் நிற்கிறாள், கைக்குள் சாவி.

அதிகாரி துவக்கின் இலக்கத்தைச் சரிபார்த்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு அவள் கேட்டாள்:

"அந்த மனிசிக்குச் சொன்னதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. நான் மீதியையும் சொன்னேன். "சாவி எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியும். கூறைக்குள்ளை. தேடி எடுத்தனான்."

அவள் தொலைபேசியை எடுத்து, இப்போதுதான் போன அதிகாரியை அழைத்து, என் கணவருக்குச் சாவி இருக்கும் இடம் தெரிந்திருக்கிறது என்று தானே சொன்னாள். அடுத்த நாள் துவக்கைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், கிளப்பின் இரும்பு அறையில் ஒப்படைத்தாள். பத்திரம் பிழைத்துக்கொண்டது.

"கட்டாயம் அங்கை குடுக்க வேணும் எண்டு சொன்னவையோ?" என்று கேட்டேன்.

"இல்லை. சாவியை வேறை இடத்தில வைச்சால் போதும் எண்டவ. நான்தான் குடுத்தனான்."

"ஏன்?"

"நீங்கள் தேடுவியள்."

நான் இவ்வளவு நேரம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கரிமருந்து சுட்டால் துவக்கை அன்றைக்கே கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். ஞாயிறு பின்னேரம் அவள் குசினியில் கடதாசி விரித்து, துவக்கைக் கழற்றி, கொதிநீரிலும் சவர்க்காரத்திலும் ஒவ்வொரு துண்டாகக் கழுவுவாள். கூழ்முட்டை நாற்றம் வீடெல்லாம் அடிக்கும். கழுவிக்கொண்டே அன்றைக்கு நடந்ததெல்லாம் எனக்குச் சொல்லுவாள். எந்தக் குண்டு எங்கே விலகியது, யார் என்ன சொன்னார், தான் என்ன நினைத்தாள் என்று ஒரு மணிநேரம் பேசுவாள். நான் எதிரே கதிரையில் இருந்து, காது கேளாதவன் மாதிரித் தொலைபேசியை நோண்டுவேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது.

இப்போது அங்கேயே கழுவிவிட்டு, ஆறு மணிக்கு வருகிறாள். "எப்பிடிப் போச்சு?" என்று கேட்கிறேன். "நல்லாப் போச்சு" என்கிறாள். அவ்வளவுதான்.